கொழும்பிலிருந்து பார்க்கும் பெரும்போர்கள்

விகாரமகாதேவிப் பூங்காவில், பொது நூலகத்தின் பக்கமாக நிற்கும் போர் நினைவுத்தூண் முதலில் அந்த இடத்தில் கட்டப்பட்டதன்று. முதலாம் உலகப் போரில் மாண்டவர்களுக்காக, லண்டனின் நினைவுத்தூணை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸின் வடிவமைப்பிலேயே, அது காலிமுகத்திடலில் எழுப்பப்பட்டிருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது, கடலிலிருந்து குறிபார்க்கும் ஜப்பானியருக்கு அது வசதியான அடையாளமாகிவிடும் என்று அஞ்சிய அதிகாரிகள் அதைக் கழற்றி நகருக்குள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு போரில் இறந்தோருக்கு எழுப்பிய கல்லை அடுத்த போருக்குப் பயந்து இடம்மாற்ற ஏறக்குறைய இருபது ஆண்டுகளே போதுமாயிருந்தன.

இந்த நகரத்துக்கு இது புதிதன்று. 1656இல் ஒல்லாந்தர் நீண்ட முற்றுகைக்குப் பிறகு கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தனர். அந்தப் பகையின் வேர் ஐரோப்பாவில் இருந்தது. 1796இல் கோட்டை பிரித்தானியர் கைக்குப் போனதற்கும் இலங்கையில் நடந்த எதுவும் முதற்காரணமன்று. பிரெஞ்சுப் படைகள் நெதர்லாந்துக்குள் நுழைந்தன, அதன் இளவரசர் லண்டனுக்குத் தப்பியோடினார், அவருடைய குடியேற்றங்கள் பிரான்ஸின் கைக்குப் போய்விடக்கூடாதென்று பிரித்தானியா முந்திக்கொண்டது. தங்களுடைய ஆட்சியாளர் யார் என்பதை ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் நடக்கும் போட்டிகள் தீர்மானிப்பதைப் பார்த்துப் பழகிய ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். வல்லரசுகளின் மோதலைப் பற்றி வாஷிங்டனிலிருந்தும் பீஜிங்கிலிருந்தும் எழுதப்படுவதை வாசிக்கும்போது எனக்கு ஏற்படும் சலிப்புக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அப்படி எழுதுபவர்களுக்கு மிகவும் பிடித்த விளக்கம் ஒன்று உண்டு. எழுந்து வரும் வல்லரசைக் கண்டு ஏற்கெனவே உச்சியில் இருக்கும் வல்லரசு அஞ்சுகிறது, அந்த அச்சமே போரைத் தவிர்க்கமுடியாததாக்குகிறது என்பது அது. ஏதென்ஸின் வளர்ச்சியையும் ஸ்பார்ட்டாவின் அச்சத்தையும் பற்றி எழுதிய பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸைத் துணைக்கு அழைக்காமல் இன்று சீனாவையும் அமெரிக்காவையும் பற்றி எவரும் பேசுவதில்லை. விளக்கம் தவறென்று நான் சொல்லவில்லை. அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிரித்தானியாவுக்கு முன்னால் எழுந்துவந்த வல்லரசுகள் இரண்டு: ஒன்று ஜேர்மனி, மற்றது அமெரிக்கா. 1895இல் வெனிசுவேலாவுக்கும் பிரித்தானியக் கயானாவுக்கும் இடையிலான எல்லைத் தகராறில் அமெரிக்க ஜனாதிபதி கிளீவ்லாந்து வெளிப்படையாகவே மிரட்டினார். பிரித்தானியா சற்று முறைத்தது, பிறகு நடுவர் தீர்ப்புக்கு ஒப்புக்கொண்டது. அதே பிரித்தானியா ஜேர்மனியோடு போருக்குப் போனது. அச்சம் இரு இடத்திலும் இருந்தது என்றால், ஓரிடத்தில் மட்டும் அது வெடித்தது ஏன் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை கடற்படைப் போட்டி. 1898இலும் 1900இலும் அட்மிரல் டிர்பிட்ஸ் கொண்டுவந்த கடற்படைச் சட்டங்களின்கீழ் ஜேர்மனி பெரும் போர்க்கப்பல்களைக் கட்டத் தொடங்கியது. 1906இல் பிரித்தானியா முன்பில்லாத வலிமைகொண்ட 'டிரெட்நோட்' போர்க்கப்பலை மிதக்கவிட்டது. பழைய கப்பல்கள் அத்தனையும் ஒரே நாளில் மதிப்பிழந்தன. அதனால் பிரித்தானியாவுக்கு இருந்த முன்னிலையும் சுருங்கிப்போய், போட்டி ஏறக்குறையத் தொடக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தது. 1909இல் எட்டுக் கப்பல்கள் வேண்டும் என்று லண்டன் தெருக்களில் முழக்கமெழுந்தது. இவ்வளவும் உண்மை. ஆனால் 1912 அளவில் இந்தப் போட்டி பெரும்பாலும் முடிந்துபோயிருந்தது என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பிரித்தானியா முன்னிலையை விட்டுக்கொடுக்கவில்லை, ஜேர்மனி தன் பணத்தைத் தரைப்படைக்குத் திருப்பிவிட்டது. 1914 ஜூன் மாத இறுதியில் பிரித்தானியப் போர்க்கப்பல்கள் ஜேர்மனியின் கீல் துறைமுகத்தில் விருந்தாளிகளாக நின்றுகொண்டிருந்தன. ஜேர்மன் சக்கரவர்த்தியான கைசர் அங்கே பாய்க்கப்பல் பந்தயத்தில் இருந்தபோதுதான், ஒஸ்திரிய முடிக்குரிய இளவரசர் சரயேவோவில் கொல்லப்பட்ட செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆகவே கப்பல்களின் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு போரின் தேதியைக் கணிக்கமுடியாது. கப்பற்போட்டி செய்த கெடுதல் வேறு. அது பிரித்தானியாவை பிரான்ஸின் பக்கமும், பிறகு ரஷ்யாவின் பக்கமும் தள்ளியது; ஜேர்மனிக்குத் தான் சுற்றி வளைக்கப்படுகிறோம் என்ற எண்ணத்தை உறுதியாக்கியது; அந்த எண்ணம் தன்னிடம் எஞ்சியிருந்த ஒரே நம்பகமான தோழனான ஒஸ்திரிய-ஹங்கேரியை எந்த விலை கொடுத்தும் இழக்கக்கூடாது என்ற நிலைக்கு அதைக் கொண்டுவந்தது. ஒரு பெரிய நாடு தன்னைவிடச் சிறிய தோழனின் வீம்புக்குப் பிணையாகிப்போவது இப்படித்தான் நிகழ்கிறது. ஜூலை 5ஆம், 6ஆம் தேதிகளில் சேர்பியா விடயத்தில் ஒஸ்திரியா என்ன செய்தாலும் துணைநிற்பதாக பேர்லின் வாக்குக் கொடுத்தது. சேர்பியாவின் பணிவான பதிலைப் பிந்தி வாசித்த கைசரே போருக்கான காரணம் ஒழிந்தது என்று குறிப்பெழுதினார். அதே ஜூலை 28ஆம் தேதி ஒஸ்திரியா போர்ப்பிரகடனம் செய்தது.

அதற்குப் பிறகு வந்த ஒருவாரத்தை நான் எத்தனைமுறை வாசித்தாலும் அடுத்தமுறை வேறுமாதிரி முடிந்துவிடாதா என்று மனம் கேட்கிறது. ரஷ்யச் சக்கரவர்த்தி நிக்கலஸும் ஜேர்மன் சக்கரவர்த்தி வில்ஹெல்மும் உறவினர்கள். செல்லப்பெயர் வைத்து ஒருவருக்கொருவர் ஆங்கிலத்தில் தந்தியடித்துக்கொண்டார்கள். ஜூலை 29ஆம் தேதி இரவு வில்ஹெல்மின் தந்தியொன்றைப் பார்த்த நிக்கலஸ், முழுப் படைதிரட்டலுக்குத் தான் கொடுத்திருந்த கட்டளையை நிறுத்தினார். மறுநாள் தளபதிகளும் வெளிநாட்டு அமைச்சரும் அவரை வற்புறுத்தினார்கள். ஒஸ்திரியாவுக்கு எதிராக மட்டும் பகுதியாகத் திரட்டினால், பிறகு ஜேர்மனிக்கு எதிராகத் திரட்டவேண்டி வரும்போது புகையிரத ஏற்பாடுகள் எல்லாம் குழம்பிப்போகும் என்பது அவர்களுடைய வாதம். 30ஆம் தேதி பிற்பகல் அவர் இணங்கினார். ரஷ்யா திரட்டினால் ஜேர்மனி பொறுத்திருக்க முடியாது. ஏனென்றால் ரஷ்யா மெதுவாகத் திரண்டு முடிப்பதற்குள் பிரான்ஸை வீழ்த்திவிடவேண்டும் என்ற ஒரே திட்டத்தில்தான் ஜேர்மனியின் தரைப்படை முழுவதும் கட்டப்பட்டிருந்தது. ஓகஸ்ட் 1ஆம் தேதி, பிரான்ஸ் ஒதுங்கியிருக்கக்கூடும் என்ற தவறான நம்பிக்கையில், படையைக் கிழக்கே திருப்பும்படி கைசர் கேட்டார். தளபதி மோல்ட்க அது முடியாது என்றார். ஆண்டுக்கணக்காகத் தயாரித்த புகையிரத நேர அட்டவணைகளை ஒரே இரவில் மாற்றினால் மிஞ்சுவது படையன்று, ஆயுதம் தாங்கிய கூட்டம் மட்டுமே என்பது அவர் சொன்னதன் சாரம்.

போட்டி பெரும்போராவதன் பொறி இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். எதிரியை வெறுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். காத்திருப்பவன் தோற்பான் என்ற நம்பிக்கை இரு தரப்பிலும் ஒரேசமயத்தில் குடிகொள்ளும்போது, பேச்சுவார்த்தைக்குச் செலவாகும் ஒவ்வொரு நாளும் ஆபத்தாகத் தெரியத் தொடங்குகிறது. 1917 அளவில் ரஷ்யாவின் படைப்பெருக்கம் நிறைவுபெற்றுவிடும், அதன்பிறகு தம்மால் நின்றுபிடிக்கமுடியாது என்று ஜேர்மன் தளபதிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். போர் எப்படியும் வரும், வருவதானால் விரைவாக வருவதே நல்லது என்று மோல்ட்க 1912 டிசெம்பரிலேயே கைசரிடம் சொல்லியிருந்தார்.

இன்னுமொன்று. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூதுபோன ஔவை, அவனுடைய ஆயுதசாலையில் நெய்பூசி மாலைசூட்டி வைத்திருந்த வேல்களைப் பார்த்துப் புகழ்வதுபோலப் பழித்தது நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். பளபளக்கும் வேல் போரைக் காணாத வேல். 1871க்குப் பிறகு ஐரோப்பியப் பெருவல்லரசுகள் தங்களுக்குள் போரிடவில்லை. இயந்திரத் துப்பாக்கி என்ன செய்யும் என்பதைக் குடியேற்றநாட்டுப் போர்களில் பார்த்தவர்கள்கூட, தங்களுக்கு அது நேரும் என்று கற்பனை செய்யவில்லை.

ஐரோப்பா தீப்பற்றியபின் அதன் கனல் இங்கே வர அதிக காலம் எடுக்கவில்லை. 1914 செப்டெம்பர் 22ஆம் தேதி இரவு ஜேர்மன் போர்க்கப்பலான 'எம்டன்' சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் குதங்களைச் சுட்டெரித்தது. இலங்கையைச் சுற்றிய கடலில் வணிகக் கப்பல்களை ஒவ்வொன்றாக மூழ்கடித்தது. நவம்பர் 9ஆம் தேதி கொக்கோஸ் தீவுகளருகே அவுஸ்திரேலியக் கப்பலான 'சிட்னி' அதை வீழ்த்தி, பிழைத்த மாலுமிகளைக் கொழும்புக்குக் கொண்டுவந்தது. ஆனால் கொழும்பு கொடுத்த பெரிய விலை கடலில் இல்லை. 1915 மே மாத இறுதியில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் கலவரம் மூண்டபோது, போர்க்காலத்துக் குடியேற்ற அரசு அதை உள்ளூர்ச் சச்சரவாகப் பார்க்கவில்லை. தனக்கெதிரான சதியாகப் பார்த்தது, அதற்குள் ஜேர்மனியின் கை இருக்கலாம் என்றும் ஐயுற்றது. இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது, மதுவொழிப்பு இயக்கத்தின் தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர், ஹென்றி பேதிரிஸ் என்ற இளம் அதிகாரி ஜூலை 7ஆம் தேதி சுட்டுக்கொல்லப்பட்டார். சேர். பொன்னம்பலம் இராமநாதன் நீர்மூழ்கிகள் திரியும் கடலைத் தாண்டி லண்டன் சென்று சிங்களவர் சார்பில் முறையிட்டதும், திரும்பிவந்தவரைச் சிங்களத் தலைவர்கள் வண்டியில் ஏற்றித் தாங்களே இழுத்துச் சென்றதும் எல்லோரும் சொல்லும் கதை. (அவருடைய வாதம் முஸ்லிம் மக்கள் மனத்தில் விட்டுச்சென்ற காயத்தைப் பற்றி நம்மவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.) பெருநாடுகளின் போட்டி ஒரு சிறிய நாட்டுக்குள் நுழையும்போது அங்கிருக்கும் ஒவ்வொரு தகராற்றுக்கும் ஒரு வெளிநாட்டுக் கையைத் தேடும் கண்ணாடியை ஆட்சியாளருக்கு மாட்டிவிடுகிறது.

இரண்டாம் உலகப் போரின் பசிபிக் பகுதியும் காலத்தின் கதைதான். அங்கே புகையிரதத்துக்குப் பதிலாக எண்ணெய். ஜப்பான் தன் எண்ணெய்த் தேவையின் ஏறக்குறைய 80 சதவீதத்தை அமெரிக்காவிலிருந்து வாங்கிக்கொண்டே சீனாவில் போர் நடத்தியது. 1941 ஜூலையில் அதன் படைகள் தென் இந்தோசீனாவுக்குள் நுழைந்தபோது அமெரிக்கா ஜப்பானியச் சொத்துகளை முடக்கியது, எண்ணெயும் நின்றது. வாஷிங்டன் இதைத் தடுத்து நிறுத்தும் அழுத்தமாகக் கருதியது. டோக்கியோவிலோ, கையிருப்பு நாளுக்கு நாள் வற்றுகிறது, இன்று அடிக்காவிட்டால் என்றைக்கும் அடிக்கமுடியாது என்ற கணக்கு தொடங்கிவிட்டது. அச்சுறுத்தி நிறுத்த எண்ணியவன் எதிரியின் கடிகாரத்தை வேகமாக ஓடவைத்துவிட்டான். டிசெம்பரில் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களில் ஐந்து, அட்மிரல் நகுமோவின் தலைமையிலேயே, நான்கு மாதங்களில் நம் கடலுக்கு வந்தன. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று காலையில், துறைமுகத்தின்மீதும் இரத்மலானையின்மீதும் குண்டுகள் விழுந்தன. அங்கொடை மனநோய் மருத்துவமனைமீதும் விழுந்தன. என் அம்மம்மா அப்போது சிறுமி. கொழும்பே வெறிச்சோடி, புகையிரதத்தில் கால்வைக்க இடமின்றி யாழ்ப்பாணம் போனதைச் சொல்வார். ஜப்பான்காரனுக்கு எங்கள்மேல் என்ன கோபம் என்று தன் தகப்பனாரிடம் கேட்டதாகவும், அவரிடம் அதற்கு விடை இருக்கவில்லை என்றும் சொல்வார்.

போட்டிகள் போராகாமல் போன இடங்களையும் பார்க்கவேண்டும். அவற்றைப் பற்றி யாரும் நினைவுத்தூண் கட்டுவதில்லை. 1898இல் சூடானின் பஷோடாவில் பிரெஞ்சு, பிரித்தானியப் படைகள் நேருக்கு நேர் நின்றன. பிரான்ஸ் இறங்கிப்போனது, ஆறே ஆண்டுகளில் இருவரும் உடன்படிக்கைத் தோழர்களானார்கள். 1962 ஒக்டோபரில் கியூபாவிலிருந்து ஏவுகணைகளை சோவியத் தலைவர் குருஷேவ் அகற்றியதற்குப் பதிலாக, துருக்கியிலிருந்த தன் ஏவுகணைகளை அகற்றுவதாக அமெரிக்கா இரகசியமாக வாக்களித்தது. இரகசியம் என்பதே அந்த ஏற்பாட்டின் உயிர். வெளிப்படையாகக் கேட்டிருந்தால் கென்னடியால் கொடுத்திருக்க முடியாது. கூச்சலிட்டு வெல்ல நினைக்கும் இன்றைய தலைவர்கள், தங்களுக்கு இறங்கிவர ஒரு படிக்கட்டை விட்டுவைக்கிறார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அதே ஒக்டோபரில்தான் இந்தியாவும் சீனாவும் இமயமலையில் போரிட்டன என்பதைக் கியூபாவின் நிழலில் உலகம் மறந்துவிடுகிறது; கொழும்பு மறக்கலாகாது. டிசெம்பர் 10 முதல் 12 வரை சிறிமாவோ பண்டாரநாயக்க ஆறு அணிசேரா நாடுகளைக் கொழும்பில் கூட்டினார். இங்கே வரைந்த பிரேரணைகளைத் தானே பீஜிங்குக்கும் டில்லிக்கும் எடுத்துச்சென்றார். எல்லைப் பிரச்சினை தீரவில்லை, இன்றும் தீரவில்லை. என்றாலும் இரு தரப்பும் துப்பாக்கியைத் தாழ்த்தியபின் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதை ஒரு சிறிய நாடு வழங்கியது. பலரும் அந்த மாநாட்டைத் தோல்வி என்பார்கள். நான் அப்படி எண்ணவில்லை.

1971 இன்னும் விசித்திரமானது. ஜே.வி.பி.யின் ஏப்ரல் கிளர்ச்சியை அடக்க இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரேசமயத்தில் இலங்கைக்கு ஹெலிகொப்டர்களை அனுப்பின. தன் வான்வெளியை இந்தியா மூடிவிட்டதால் பாகிஸ்தான் விமானங்கள் கட்டுநாயக்காவில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு டாக்காவுக்குப் பறந்தன. ஆண்டின் இறுதியில் அந்த இரண்டும் போரிட்டபோது, அமெரிக்காவின் 'என்டர்பிரைஸ்' விமானந்தாங்கி வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. சோவியத் கப்பல்களும் வந்தன. டிசெம்பர் 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. இந்து சமுத்திரத்தை அமைதி வலயமாகப் பிரகடனம் செய்யும் இலங்கையின் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றியதும் அதே நாளில்தான். அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரித்தானியா, பிரான்ஸ் நான்கும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன.

அந்த ஒதுக்கத்தின் பொருளை நாம் 1987இல் படித்தோம். இந்திய-இலங்கை ஒப்பந்தம் தமிழருக்கான தீர்வு என்று பேசப்பட்டது. அதனோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலோ, இந்தியாவின் நலனுக்குப் பாதகமான வகையில் திருகோணமலையையோ வேறு துறைமுகங்களையோ எந்த நாட்டின் இராணுவத் தேவைக்கும் கொடுப்பதில்லை என்ற உறுதிமொழி இருந்தது. எங்கள் வீட்டுச் சண்டைக்குள் வெளியார் போட்டி எவ்வளவு தூரம் புகுந்திருந்தது என்பதற்கு அதைவிட வேறு ஆவணம் தேவையில்லை.

இன்று அந்தப் போட்டி கொழும்புத் துறைமுகத்தில் கண்முன்னே நிற்கிறது. தெற்குக் கொள்கலன் முனையத்தைச் சீன நிறுவனமொன்று 2013 முதல் நடத்துகிறது. மேற்கு முனையத்தை 2025இல் இந்திய நிறுவனமொன்று இயக்கத் தொடங்கியது. 2014இல் சீன நீர்மூழ்கி இங்கே வந்து நின்றபோது டில்லி கொதித்தது. சீன ஆய்வுக் கப்பல்களான 'யுவான் வாங் 5' 2022 ஓகஸ்டில் அம்பாந்தோட்டைக்கும், 'ஷி யான் 6' 2023 ஒக்டோபரில் கொழும்புக்கும் வந்தபோதும் அப்படியே. 2024இல் எல்லா வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கும் ஓராண்டுத் தடை விதித்து அரசு மூச்சுவாங்கிக்கொண்டது. வெள்ளவத்தைத் தேநீர்க்கடையில் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு போர் மூளும். எனக்குக் கப்பல்கள் அவ்வளவு கவலை தருவதில்லை. இருவரும் முதலிட்ட துறைமுகம் இருவருக்கும் இழக்க ஒன்றைக் கொடுக்கிறது. ஆனால் 1914இல் பிரித்தானியாவும் ஜேர்மனியும் ஒன்றின் சரக்கை மற்றது பெருமளவில் வாங்கிக்கொண்டிருந்தன என்பதையும் அறிந்தே இதைச் சொல்கிறேன்.

கவலை தருவது நேரம். 1914இல் படைதிரட்டலுக்கு நாட்களும் வாரங்களும் இருந்தன. இன்றைய ஏவுகணைக்கு நிமிடங்கள். ஆகவே முன்கூட்டியே எழுதிவைத்த கட்டுப்பாடுகளும் எப்போதும் திறந்திருக்கும் தொடர்புகளும் மட்டுமே இடைவெளியை உண்டாக்கக்கூடியவை. 2020 ஜூனில் இந்திய-சீன எல்லையிலுள்ள கல்வானில் இருபது இந்திய வீரர்களும், சீனா ஒப்புக்கொண்டபடி அதன் வீரர் நால்வரும் இறந்தார்கள். எல்லைக்கோட்டருகே சுடுவதில்லை என்ற 1996ஆம் ஆண்டு உடன்பாட்டால் அந்த இரவில் கற்களும் தடிகளுமே பயன்பட்டன. கொடூரம்தான்; பீரங்கி முழங்கியிருந்தால் எங்கே முடிந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். இந்தியாவும் பாகிஸ்தானும் 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி முதலாம் தேதியும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை ஒன்றுக்கொன்று கையளித்துவருகின்றன. 2025 மே மாதம் நான்கு நாட்கள் ஏவுகணைகளும் ஆளில்லா விமானங்களும் பறந்தபின், மே 10ஆம் தேதி பிற்பகலில் பாகிஸ்தானின் இராணுவ நடவடிக்கைத் தலைவர் இந்தியாவில் அதே பதவியிலிருப்பவரைத் தொலைபேசியில் அழைத்தார், அன்று மாலை 5 மணியிலிருந்து சுடுவதை நிறுத்த இணங்கினார்கள். யார் நடுவில் நின்று பேசினார்கள் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அழைப்பதற்கு ஓர் எண்ணும் எடுப்பதற்கு ஓர் ஆளும் இருந்தது மட்டும் நிச்சயம்.

அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் இடையில் அது நிச்சயமில்லை. 2022 ஓகஸ்டில் அமெரிக்கச் சபாநாயகர் தாய்வானுக்குப் போனதற்குத் தண்டனையாக பீஜிங் இராணுவத் தொடர்புகளைத் துண்டித்தது. 2023 பெப்ரவரியில் சீனப் பலூனொன்றை அமெரிக்கா சுட்டுவீழ்த்தியபின் அதன் பாதுகாப்புச் செயலாளர் அழைத்தார், சீனப் பாதுகாப்பு அமைச்சர் பேச மறுத்தார். அந்த ஆண்டு நவம்பரில் இரு ஜனாதிபதிகளும் நேரில் சந்தித்த பிறகே தொடர்புகளை மீட்க இணக்கம் ஏற்பட்டது. கோபம் வந்தால் துண்டிக்கும் பொருளாக அந்த இணைப்பை ஒரு வல்லரசு கருதுவது, கொழும்பில் எந்தக் கப்பல் எந்த இறங்குதுறையில் கட்டப்பட்டிருக்கிறது என்பதைவிடப் பலமடங்கு ஆபத்தானது. நம் பத்திரிகைகளிலோ கப்பலுக்கு முதற்பக்கம், துண்டிக்கப்பட்ட இணைப்புக்கு உள்பக்கத்தில் நான்கு வரி.